ஈரலின் முப்பரிமாணப் படம்: மருத்துவம் படிக்கும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்பின் தங்கைக்கு,

முப்பரிமாணப் படத்தைக் காட்டும் மெய்நிகர் (வீ.ஆர்.) கண்ணாடியை மாட்டிக்கொண்டால் ஈரலில் வெட்ட வேண்டிய இடம் கண்முன்னே தெரியும்தானே என்று கேட்டிருந்தீர்கள். சத்திரசிகிச்சைக்கு முந்திய நாள் என்றால் தெரியும். வயிற்றைத் திறந்த பிறகு அதை அவ்வளவாக நம்ப முடியாது.

பிரான்சின் சத்திரசிகிச்சை நிபுணர் குயினோ 1957 இல் ஈரலை எட்டுத் துண்டங்களாக வகுத்ததைப் படித்திருப்பீர்கள். அந்த எல்லைகள் ஈரலின் மேற்பரப்பில் கோடுகளாகத் தெரிவதில்லை. குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் வாயினாளத்தின் கிளைகளையும், ஈரலிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்லும் மூன்று ஈரல் நாளங்களையும் கொண்டே அவற்றை அறிய வேண்டும். வாயினாளமும் எல்லோருக்கும் இரண்டாகவே பிரிவதில்லை, சிலருக்கு ஒரே இடத்தில் மூன்றாகப் பிரியும். நூற்றுக்கணக்கான தட்டையான சீ.ரி. ஸ்கேன் (CT) படங்களைப் பார்த்து இவற்றை மனதுக்குள் ஒன்றுசேர்ப்பதற்குப் பல வருடப் பழக்கம் தேவை. அதே படங்களைக் கணினியில் ஒன்றுசேர்த்த முப்பரிமாண உருவோ கட்டிக்கும் நாளத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க விடுகிறது. அதைவிடப் பெரிய பயன், எந்த நாளக் கிளையைக் கட்டி அடைத்தால் எவ்வளவு ஈரல் எஞ்சும் என்று முன்கூட்டியே அளக்க முடிவதுதான். ஆரோக்கியமான ஈரலில் ஏறத்தாழக் கால்பங்கு எஞ்சினால் போதும். ஈரல் தழும்பேறிய சிரோசிஸ் நோய் உள்ளவருக்கு 40 சதவீதமளவு வேண்டும். அந்த அளவு எஞ்சாது என்று தெரிந்தால் வெட்டும் திட்டமே மாறிவிடும்.

சத்திரசிகிச்சைக் கூடத்தில் நிலைமை வேறு. ஈரல் மூச்சோடு ஏறி இறங்குகிறது. அதைத் தாங்கும் இணைப்பு நார்களை அறுத்துப் புரட்டியதும் வடிவமே மாறிவிடுகிறது. முன்பு எடுத்த படத்தை அதன்மேல் துல்லியமாகப் பொருத்துவது இன்னும் தீராத சிக்கல் என்பதால், கழியொலி (அல்ட்ராசவுண்ட்) கருவியை ஈரலின்மீது நேரே வைத்துப் பார்க்கும் வழக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது.

நான் கதிரியல் பிரிவில் வேலை செய்பவன் என்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை: மட்டக்களப்பில் நாம் கவலைப்பட வேண்டியது கண்ணாடியைப் பற்றியல்ல, ஸ்கேனைப் பற்றி. இரத்தக் குழாய்களைப் படத்தில் தெளிவாகக் காட்டும் கொன்ட்ராஸ்ட் மருந்தை ஊசியால் ஏற்றி ஏறத்தாழ 35 செக்கனில் நாடிகளையும், 70 செக்கனில் வாயினாளத்தையும், ஒரு மில்லிமீற்றர் அளவான மெல்லிய வெட்டுப் படங்களாக எடுத்திருக்க வேண்டும். படுவான்கரையிலிருந்து வரும் ஒரு விவசாயி, பிலிமில் அச்சிட்ட படங்களை மட்டும் சுமந்துகொண்டு கொழும்பு வைத்தியசாலைக்கோ ராகமை வைத்தியசாலைக்கோ போனால், அவற்றிலிருந்து முப்பரிமாண உரு எடுக்க வழியில்லை; அவருக்கு மறுபடியும் ஊசி, மறுபடியும் கதிர், மறுபடியும் செலவு. ஸ்கேனின் முழுத் தரவும் பதிந்த இறுவட்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் இந்த அலைச்சலில் பெரும்பகுதி குறையும்.

உங்களுக்குக் கண்ணாடி இப்போது தேவையில்லை. த்ரீடி ஸ்லைசர் என்ற மென்பொருள் இலவசம். சாதாரண மடிக்கணினியே போதும். பெயர் நீக்கிய ஸ்கேன் ஒன்றை உங்கள் விரிவுரையாளரின் அனுமதியோடு பெற்று, எல்லைகளை நீங்களே வரைந்து, கதிரியல் நிபுணரிடம் காட்டித் திருத்துங்கள். கணினி தானாக வரையும் எல்லையிலும் பிழை வரும். அந்தப் பிழையும் கண்ணாடிக்குள் மிக அழகாகவே தெரியும். முதலில் வாயினாளத்தை மட்டும் வரையுங்கள், ஈரல் நாளங்களைப் பிறகு பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்