மலைக்குப் போக வாங்குன கியர்பாக்ஸ் பேன் கோரிமேட்டுலயே உரசுன கதை – பணத்த திருப்பிக் குடுங்க

வணக்கம் சார்,

மார்ச்ல உங்ககிட்ட 38,500 ரூபா கட்டி வாங்குன அலுமினிய கியர்பாக்ஸ் பேன் (கியர்பாக்ஸுக்கு அடில ஆயில் தேங்கி நிக்குற தட்டு) பத்தி தான் இந்த புகார். மூணு தடவ போன் பண்ணியாச்சு, "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க"ன்னு சொல்றீங்க, யாரும் கூப்பிடல.

என் வண்டி இசட்எஃப் கம்பெனியோட 8 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போட்ட செடான். நாங்க இருக்கறது சேலம், மாமியார் வீடு ஏற்காடு. மாசம் ரெண்டு வாட்டியாவது அந்த 20 கொண்டை ஊசி வளைவும் ஏறணும், லீவு நாள்னா பஸ் பின்னாடி மாட்டிக்கிட்டு ஃபர்ஸ்ட், செகண்ட் கியர்லயே ஊர்ந்துட்டு போவோம், டார்க் கன்வர்ட்டர்ல (இன்ஜின் சுத்துறத ஆயில் வழியா கியர்பாக்ஸுக்கு கடத்துற பாகம்) இருந்து வர்ற சூடெல்லாம் ஆயில்ல தான் இறங்குது, ஸ்கேனர் போட்டு பாத்தா 112 டிகிரி காட்டுச்சு. இந்த வண்டியோட வர்ற பேன் பிளாஸ்டிக், ஃபில்டரும் அதுக்குள்ளயே சேந்து இருக்கும், ஃபில்டர் மாத்தணும்னா பேனையே தூக்கி போடணும். அதனால தான் அலுமினியம், ஃபில்டர் தனி, ஆயிலும் கொஞ்சம் கூட புடிக்கும்னு ஆசப்பட்டேன். பேன் மாத்துனா ஆயில் கூலர் போட்ட மாதிரி ஆயிடாதுன்னு எனக்கும் தெரியும், ஆயில் கூட இருந்தா சூடேற கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்ளோ தான்.

உங்ககிட்ட ரெண்டு அளவு இருந்துச்சு, 20 மில்லிமீட்டர் கூட ஆழம் ஒன்னு, 45 ஒன்னு. ஸ்பிரிங் மாத்தி வண்டிய இறக்கி இருக்கேன், எது சரிப்படும்னு நான் தெளிவா தான கேட்டேன்? "பெருசே எடுங்க சார், கிளியரன்ஸ் பிரச்சனையே வராது"ன்னு, அதாவது ரோட்டுக்கும் பேனுக்கும் நடுவுல இடம் பத்தும்னு, உங்க ஆள் சொன்னாரு. பெருசுன்னதும் நானும் மயங்கிட்டேன், அது என் தப்பு தான்.

மாட்டுறப்பவே எங்க மெக்கானிக்குக்கு சந்தேகம். (அவரு இத பேன்னு சொல்ல மாட்டாரு, சேம்பர்னு தான் சொல்வாரு.) பேன் உள்ள, அடில சப்பாத்தி மாவு உருண்டைய வச்சு சும்மா மாட்டி இறக்கி பாத்தாரு, உருண்டை நசுங்கவே இல்ல! ஆயில உறிஞ்சுற ஃபில்டர் வாய் பேனோட அடித்தட்டுல இருந்து நாலு விரக்கடை மேல நிக்குது. ஆழத்துக்கு ஏத்த மாதிரி ஃபில்டரும் கீழ இறங்கி வரணுமா இல்லையா? வளைவுல ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குறப்ப வாய் காத்த உறிஞ்சாம இருக்கத்தான் ஆழமே, வாய் மேலயே நின்னா அடில கிடக்குற 2 லிட்டர் என்னத்துக்கு? அப்பவும் உங்க ஆள் போன்ல "ஒன்னும் ஆகாது, போடுங்க"ன்னாரு. சரின்னு மாட்டி, இன்ஜின ஓட விட்டு, ஆயில் 40 டிகிரில இருக்கறப்ப லெவல் பாத்து தான் மூடுனோம்.

அடுத்த ஞாயித்துக்கிழமை பின்னாடி ரெண்டு பேர ஏத்திட்டு கிளம்புனா சேலத்துலயே இருக்குற கோரிமேடு கூட தாண்டல, ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல 'கர்ர்'னு சத்தம், ட்ரெயின் பிளக்கோட (பேன் அடில ஆயில் இறக்குற போல்ட்) தலை போயிருச்சு, ரோடெல்லாம் ஆயில். உடனே ஆஃப் பண்ணதால கியர்பாக்ஸ் தப்பிச்சுச்சு. "ஏற்காடுன்னு சொல்லி இங்கயே இறக்கி விட்டுட்டியே"ன்னு அம்மா இன்னும் சொல்லிக் காட்டுறாங்க.

பேன் காசு, கொட்டுன ஆயில் காசு, டோயிங் 2,500, எல்லாம் வரணும். 20 மில்லிமீட்டர் பேன் அனுப்பி சமாளிக்கலாம்னு பாக்காதீங்க, அதுக்கும் இதே ஃபில்டர் தான் குடுக்குறீங்கன்னு பார்ட் நம்பர்லயே தெரியுது. பில், போட்டோ, மாவு உருண்டை வீடியோ எல்லாம் இணைச்சிருக்கேன். பேன் ஒர்க்‌ஷாப்புல தான் கிடக்கு, 15 நாளைக்குள்ள ஆள் அனுப்பி பாத்துக்கங்க, இல்லன்னா நுகர்வோர் கோர்ட்டுக்கு நான் கொண்டு வரேன்.

இப்படிக்கு,
பழைய பிளாஸ்டிக் பேன மறுபடி மாட்டி ஓட்டிட்டு இருக்குற உங்க கஸ்டமர்
சேலம்