கையெழுத்துப் போடாத அப்பா

மேடிசன்,
ஏப்ரல் நடுவில்

அன்புள்ள முருகேசா,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில். திட்டுவதை முழுசாகத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. உன் பெண்ணுக்கு வேலை கிடைத்ததை ராமு சொன்னான், ரொம்ப சந்தோஷம். உன் முழங்கால் எப்படி என்று அவனிடம் கேட்டேன். "கால் தெரியாது, வாய் நன்றாக இருக்கிறது" என்றான். அப்படியானால் கவலையில்லை. மாலா நலம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மீதியை நேரில்.

எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம். வீட்டில் எனக்கும் கார்த்திக்குக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால்கூட அம்மாவிடம் சொல்லி அனுப்புகிறான். காரணம் தெரிந்தால் சிரிப்பாய். பேஸ்பால்.

அடுத்த தெருவில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், நான் வேலை பார்க்கும் இந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பழைய பேஸ்பால் டீமை மறக்கவே முடியாதவர். விஸ்கான்சின் மறுபடியும் ஒரு டீம் ஆரம்பிக்க வேண்டும் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி வருகிறார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். கார்த்திக் போட்டான். மாலா போட்டாள், அவளுக்கு மூன்று ஸ்டிரைக் ஆனால் அவுட் என்பதைத் தவிர அந்த ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. நான் போடவில்லை. அவருக்குக் காபி கொடுத்து, மரியாதையாக, முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அன்றிலிருந்து வீட்டில் நான் எதிர்க்கட்சி.

நீ உடனே அவன் பக்கம் சேர்ந்துவிடுவாய் என்று தெரியும். பி.டி. வாத்தியார் ஆயிற்றே, டீம் வேண்டாம் என்று சொல்கிறவனை நீ மனுஷனாகவே மதிக்க மாட்டாய். புளியோதரை மேட்சுக்கு அப்புறம் நீ கோபாலோடு எத்தனை மாதம் பேசாமல் இருந்தாய் என்று மறந்துவிடவில்லை. அதனால்தான் முழுக் கதையையும் சொல்கிறேன். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்.

பிக் டென் என்று பெயர் வைத்துக்கொண்டு 18 பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்பு இது. அதில் 17 இடத்தில் பேஸ்பால் டீம் உண்டு. இல்லாத ஒரே இடம் எங்களுடையது. அதுவும் இங்கே பழைய ஆட்டம். 1909-லேயே ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகம் அழைத்து, கப்பலேறிப் போய் ஆடிவிட்டு வந்திருக்கிறார்கள். 1950-ல் ஓமஹாவில் நடக்கும் கல்லூரி உலகத் தொடர் வரை, அதாவது தேசியப் பட்டத்துக்கான கடைசிச் சுற்று வரை போனார்கள். ஹார்வி கீன் இங்கே ஆடியவர். 1953-ல் தொழில்முறை ஆட்டத்தின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகம், 1959-ல் அந்த லீகில் மட்டைவீச்சுச் சராசரியில் முதலிடம். அப்புறம் 1982-ல் இந்த மாநிலத்தின் தொழில்முறை டீமான மில்வாக்கி புரூவர்ஸை உலகத் தொடருக்கு, அதாவது அந்த லீகுகளின் இறுதிப் போட்டிக்குக் கூட்டிப்போன மேனேஜரும் அவரேதான். வாத்தியார் இதையெல்லாம் சொல்லும்போது குரல் தழுதழுக்கிறது. எனக்கே ஒரு நிமிஷம் பேனாவை எடுத்துவிடலாமா என்று இருந்தது.

1991-ல் கதை முடிந்தது. விளையாட்டுத் துறை கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. இங்கே பணம் கொண்டுவருவது கால்பந்து, அதாவது அவர்கள் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் கால்பந்து. அந்த டீம் 1990-ல் ஆடிய 11 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் ஜெயித்தது. மைதானம் காலியாகக் கிடந்தால் கல்லாவும் காலி. பேஸ்பால், ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ், ஆண்கள் வாள்வீச்சு, பெண்கள் வாள்வீச்சு, ஐந்தையும் ஒரே வெட்டாக வெட்டினார்கள். மூன்றே வருஷத்தில் அதே கால்பந்து டீம், கல்லூரிக் கால்பந்தில் பெரிய பெயர் பெற்ற ரோஸ் பௌல் ஆட்டத்தை ஜெயித்தது. எழுபத்தைந்தாயிரம் பேருக்கு மேல் உட்காரும் மைதானம் நிரம்பத் தொடங்கியது. பணம் வந்தது. பேஸ்பால் மட்டும் திரும்பி வரவில்லை. "பணமில்லை என்றுதானே எடுத்தீர்கள், வந்த பிறகு ஏன் கொடுக்கவில்லை?" என்கிறார் வாத்தியார். நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை.

ஆனால் உன் காலேஜில் டீம் அனுப்ப பிரின்சிபாலிடம் டி.ஏ. பில்லுக்குக் கையெழுத்து வாங்குகிறாயே, அந்த அளவு விவகாரமில்லை இது. ஒரு சீசனுக்கு 56 ஆட்டம் வரை ஆடலாம். சீசன் ஆரம்பிப்பது பிப்ரவரி நடுவில். பிப்ரவரியில் மேடிசன் எப்படி இருக்கும் தெரியுமா? ஏரி உறைந்து கிடக்கும், அதன்மேல் கூடாரம் போட்டு மீன் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே முதல் சில வாரங்கள் வாராவாரம் தெற்கே பறக்க வேண்டும். அப்புறம் பார்த்தால் பிக் டென்னே இப்போது நியூ ஜெர்சியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை நீண்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி விமானத்தில் வந்து இறங்கி, திங்கட்கிழமை காலை தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் உட்காரும் பையன்களை நான் பார்க்கிறேன். மற்ற ஆட்டக்காரர்கள்தான், ஆனால் தூக்கம் ஒரே தூக்கம்.

போன வாரம் கார்த்திக்கின் பள்ளி ஆட்டத்துக்குப் போயிருந்தேன் (பேசாவிட்டாலும் காரில் கொண்டுவிட அப்பா வேண்டும்). வேலி ஓரத்தில் அழுக்குப் பனி குவிந்து கிடந்தது. அவன் பிட்ச்சர். ஒவ்வொரு பந்துக்கு முன்னாலும் விரல்களை வாயருகே வைத்து ஊதிக்கொண்டு, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எறிந்தான். அந்தக் குளிரில் பந்து கருங்கல். எதிர்டீம் பையன் ஒருவன் மட்டையின் கழுத்துப் பக்கமாக வாங்கி அடித்துவிட்டான். ஓடவேண்டியவன் மட்டையைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு அங்கேயே குதித்தான். பார்க்க வந்தவர்கள் பெற்றோர் மட்டும்தான், எல்லாரும் கம்பளிக்குள். கோடையில் இதே ஊரில் மல்லார்ட்ஸ் என்று ஒரு டீம் ஆடும்போது ஆயிரக்கணக்கில் கூட்டம் வருகிறது என்பார் வாத்தியார். உண்மை. வெளியூர்க் காலேஜ் பையன்கள் விடுமுறைக்கு வந்து ஆடும் டீம் அது. ஆனால் அது ஜூலை மாதம், கையில் பியர், குழந்தைகள் புல்லில் உருளும். காலேஜ் சீசன் மே மாதத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும். ஜூலைக் கூட்டத்தைக் காட்டி ஏப்ரலுக்கு டிக்கெட் விற்க முடியாதுடா.

இதைவிடப் பெரிய முடிச்சு ஒன்று இருக்கிறது. 1972-ல் வந்த டைட்டில் நைன் சட்டப்படி, அரசுப் பணம் வாங்கும் கல்லூரிகள் விளையாட்டிலும் பெண்களுக்குச் சமவாய்ப்புத் தரவேண்டும். பேஸ்பாலுக்கென்று பையன்கள் 34 பேரைச் சேர்த்தால், பெண்கள் பக்கமும் ஒரு டீம் சேர்க்க வேண்டியிருக்கும், இல்லையென்றால் பையன்களின் வேறொரு டீமை எடுக்கவேண்டும். ஆரெகன் பல்கலைக்கழகம் 1981-ல் எடுத்த பேஸ்பாலை 2009-ல் திரும்பக் கொண்டுவந்தது, நன்றாகவே ஆடுகிறார்கள். ஆனால் அதற்கு இடம்விட்டுப் போனது மல்யுத்தம். இங்கேயும் மல்யுத்தப் பையன்கள் இருக்கிறார்கள். என் லேபிலேயே ஒருவன் இருக்கிறான், காது இரண்டும் பிய்த்துப்போட்ட காலிஃபிளவர் மாதிரி. அவன் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது?

பெண்கள் டீம்கள் சும்மா சட்டத்துக்காக வைத்திருப்பவை என்று நினைக்காதே. எங்கள் பெண்கள் ஐஸ் ஹாக்கி டீம் 2006-லிருந்து 2025-க்குள் 8 தடவை தேசியப் பட்டம் வாங்கியிருக்கிறது. வாத்தியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதில் எனக்கு மனத்தாங்கல்.

சரி, இப்போது பாய்சி கதை. ஐடஹோவில் பாய்சி ஸ்டேட் என்று ஒரு பல்கலைக்கழகம். 40 வருஷம் பேஸ்பால் இல்லாமல் இருந்துவிட்டு, ஆசைப்பட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். கோச்சை அமர்த்தி, ஊர் ஊராகப் போய்ப் பையன்களைச் சேர்த்து, 2020 பிப்ரவரியில் களமிறங்கினார்கள். 14 ஆட்டம் ஆடினார்கள். கொரோனா வந்தது. ஜூலையில் டீமைக் கலைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். அதை நம்பி வீட்டை விட்டு வந்த பையன்களை நினைத்துப் பார். டீம் ஆரம்பிப்பது கல்யாணம் பண்ணுகிற மாதிரி. பந்தல் செலவுக்கு யாராவது கொடுத்துவிடுவார்கள், குடித்தனச் செலவு யார் தலையில்? பேஸ்பாலுக்கு மட்டும் நிரந்தரமாக வட்டி வருகிற மாதிரி ஒரு பெருந்தொகையை யாராவது போட்டு வைத்துவிட்டு வந்து கேட்கட்டும், இரண்டு கையாலும் கையெழுத்துப் போடுகிறேன். வாத்தியாரிடம் இதைத்தான் சொன்னேன். "அவ்வளவு பணக்காரன் யாரையும் எனக்குத் தெரியாதே" என்றார்.

இப்போது கெடுபிடி இன்னும் கூடிவிட்டது. 2025 ஜூனில் கோர்ட்டில் ஒரு சமரசம் ஒப்புதலானது. கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் வருஷத்துக்கு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு சுமார் 2 கோடி டாலர். பெரும்பகுதி கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான் போகும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தப் பணம் வேறெங்கிருந்து வரும்? இருக்கிற சின்ன டீம்களே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் புதிதாக ஒரு பந்தியா?

கார்த்திக்கிடம் இதையெல்லாம் சொன்னேன். அவன் சொன்னது: "உள்ளூர்ப் பசங்க எல்லாம் வெளியூர் போக வேண்டியிருக்கே, அது உங்களுக்குத் தப்பா தெரியலையா?" தெரிகிறது. கிரெய்க் கவுன்செல் மில்வாக்கி பக்கத்துப் பையன், 1997-லும் 2001-லும் உலகத் தொடர் ஜெயித்தவன், அவன் காலேஜுக்குப் போனது இண்டியானாவில் நோட்ர டேமுக்கு. இந்த மாநிலம் முழுவதிலும் முதல்நிலைப் பிரிவில் பேஸ்பால் ஆடுவது மில்வாக்கி பல்கலைக்கழகம் மட்டும்தான்.

ஆனால் இந்த வாதம்தான் எனக்குக் கணக்கு உதைக்கிறது. அதே சமரசத்தில் சேரும் கல்லூரிகளுக்கு, பேஸ்பால் டீமுக்கு 34 பேர்தான் என்று வரம்பு வைத்துவிட்டார்கள், முன்பு 40 வரை வைத்துக்கொள்ளலாம். இன்னொரு பக்கம், ஆட்டக்காரர்கள் ஒரு காலேஜை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது இப்போது ரொம்பச் சுலபம். புதிதாக வருகிற கோச்சுக்கு முதல் வருஷமே ஜெயித்துக் காட்டவேண்டும். அவன் யாரை எடுப்பான்? டெக்சாஸில் மூன்று வருஷம் ஆடித் தேறிய 22 வயதுக்காரனையா, மேடிசனில் விரலை ஊதிக்கொண்டு எறியும் 18 வயதுப் பையனையா? உள்ளூர்ப் பையனுக்காக என்று ஆரம்பித்த டீமில் உள்ளூர்ப் பையன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். நான் பயப்படுவது இதற்குத்தான் முருகேசா. பல்கலைக்கழகத்தின் கடனை யாரோ பார்த்துக்கொள்வார்கள். இதைச் சொன்னபோதுதான் அவன் எழுந்து போனான். அவன் பந்து போதாது என்று நான் சொல்வதாக அவனுக்குக் கேட்டிருக்கிறது.

உன்னிடம் இதுவரை சொல்லாத விஷயம்: அவனுக்கு இங்கே எஞ்சினியரிங்கில் இடம் கிடைத்துவிட்டது. மில்வாக்கியிலும் கிடைத்திருக்கிறது. அந்த டீமின் கோச் "வந்து முயற்சி பண்ணு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார், ஸ்காலர்ஷிப் பேச்சே இல்லை. மே 1-க்குள் முடிவு சொல்லவேண்டும். இங்கே வந்தால் மாணவர்கள் தாங்களே காசு போட்டு நடத்தும் கிளப் டீம் இருக்கிறது, அதில் ஆடலாம். அங்கே போனால் டீமில் ஒருவனாக ஆகலாம், ஆகாமலும் போகலாம். மாலா மேடிசன் என்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை, திறந்தாலும் கேட்கிற நிலையில் அவன் இல்லை.

எத்தனை பையன்களை நீ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்த்து, எத்தனை பேர் பாதியில் மட்டையை மூலையில் சாத்தியதைப் பார்த்திருப்பாய். அவன் ஆடுகிற வீடியோ மூன்றை ராமுவின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், உன் போனில்தான் எதுவும் திறக்காதே. பேஸ்பால் தெரியாது என்று தப்பிக்காதே. தோளும் இடுப்பும் எறிகிற கையும் எல்லா ஆட்டத்துக்கும் ஒன்றுதான் என்று நீதானே சொல்வாய். பார்த்துவிட்டு அவனிடமே பேசு. என்னிடம் சொல்ல வேண்டாம். முருகேசன் மாமா சொன்னால் கேட்பான், போன தடவை ஊருக்கு வந்தபோது நீ அவனுக்கு ஆஃப் ஸ்பின் பிடி காட்டியதை இன்னும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நல்லதாக நாலு வார்த்தை சொல்லி ஏமாற்றிவிடாதே. மே மாதம் பிறப்பதற்குள் பேசிவிடு. இங்கே காலை என்றால் உனக்குச் சாயங்காலம், கிரவுண்டிலிருந்து வந்து குளித்துவிட்டுக் கூப்பிட்டால் சரியாக இருக்கும்.

அண்ணியிடம் சொல்லு, நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது.

உன்,
சுந்தர்