வெள்ளை முடியில் ஏறிய பச்சை

தூத்துக்குடி
ஏப்ரல் 19

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்தது. பின்னாலேயே வாட்ஸ்அப்பில் வந்த படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். காதுக்கு மேலேயும் நெற்றி ஓரத்திலும் வெள்ளை முடி இளம்பச்சையாகத்தான் தெரிகிறது. வெளிச்சத்தின் கோளாறு இல்லை, உன் கண்ணும் சரியாகத்தான் இருக்கிறது.

டை அடிப்பதை நிறுத்திவிட்டு இந்த வெள்ளையோடு வெளியே போக நீ எவ்வளவு தயங்கினாய் என்று எனக்குத் தெரியும். அதனால் உன் வருத்தம் எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. ஆனால் நீச்சல் குளத்துக்குப் போவதையே நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறாயே, அதைப் படித்ததும்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். முழங்கால் வலிக்கு டாக்டர் சொல்லித் தண்ணீரில் நடக்கத் தொடங்கி, இப்போதுதான் கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறுகிறாய். முடிக்காக முழங்காலை விட்டுவிடாதே. இரண்டையும் காப்பாற்றிக்கொள்ளலாம், அதிகச் செலவும் இல்லை.

உங்கள் குடியிருப்பில் எல்லோரும் சொல்வதுபோல் இது குளோரின் செய்த வேலை இல்லை. குளோரின் இருக்கிற நிறத்தை எடுக்கும், பச்சையைக் கொண்டுவராது. பச்சைக்குக் காரணம் செம்பு. குளத்தில் பாசி பிடிக்காமல் இருக்கப் பல இடங்களில் மயில்துத்தம் கரைத்து ஊற்றுகிறார்கள். நம் கல்லூரி லேபில் நீலக் கட்டியாக இருக்குமே, அந்தக் காப்பர் சல்பேட்தான். அந்தச் செம்பு முடியின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. கருமுடியிலும்தான் படிகிறது, அங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை. நரைத்த முடியிலும் பிளீச் செய்த முடியிலும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. முடி ஏற்கெனவே காய்ந்து சொரசொரப்பாக இருந்தால் செம்பு இன்னும் சுலபமாகப் பிடிக்கும். நீ பல வருடம் டை அடித்த முடி என்பதால் நுனியில் கொஞ்சம் அதிகமாகவே ஏறியிருக்கும்.

வீட்டுத் தண்ணீரிலும் செம்பு வரலாம். கீசருக்குள் செம்புத் தொட்டி இருந்தாலோ, செம்புக் குழாய் அரித்திருந்தாலோ வரும். உன் மாமியாருக்கும் முழு வெள்ளை முடிதானே? அவர் குளத்துப் பக்கமே போவதில்லை. அவருக்குப் பச்சை இல்லையென்றால் வீட்டுத் தண்ணீர் மேல் பழி இல்லை. குளத்தைப் பார்த்துக்கொள்ளும் பையனிடம் பாசிக்கு என்ன மருந்து போடுகிறான் என்று பக்குவமாகக் கேள். டிரம்மில் ஒட்டியிருக்கும் தாளைப் படம் எடுத்து அனுப்பு. செம்பு இல்லாத பாசி மருந்தும் கிடைக்கிறது. குளோரினை லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் அளவிலும், தண்ணீரின் புளிப்பு-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 7.2க்கும் 7.8க்கும் நடுவிலும் வைத்து, பில்டரை ஒழுங்காக ஓட்டினாலே பாசி பெரும்பாலும் அண்டாது. சங்கக் கூட்டத்தில் இதைப் பேசு. நீ பேசினால் கேட்பார்கள்.

இன்னொன்றையும் கவனி. குளத்துக்குப் பக்கத்தில் போனாலே மூக்கைத் துளைக்கிறது, நிறையக் குளோரின் போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் போல என்று எழுதியிருந்தாய். நேர்மாறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து குளோரமீன் ஆகும்போதுதான் அந்த நெடி கிளம்புகிறது. எல்லோரும் குளித்துவிட்டு இறங்கினால் பாதி நெடி போய்விடும்.

நீ குளிக்காமல் இறங்க மாட்டாய், தெரியும். ஆனால் தலையை நனைக்காமல் உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு இறங்குவதாக எழுதியிருக்கிறாய். அதை மாற்று. முடி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை உறிஞ்சி உப்பும். காய்ந்த தலையோடு இறங்கினால் அவ்வளவும் குளத்துத் தண்ணீராக இருக்கும். முதலிலேயே நல்ல தண்ணீரில் தலையை முழுக்க நனைத்துவிட்டால் குளத்துத் தண்ணீர் புக இடம் குறைவு. இதைவிட எளிதான, செலவில்லாத வழி வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

அப்புறம் தேங்காய் எண்ணெய். முடியின் மேல்தோல் மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கிறது. அதற்கும் மேலே மெல்லிய கொழுப்புப் பூச்சு ஒன்று உண்டு, தண்ணீரை ஓரளவு தள்ளிவைப்பது அதுதான். குளோரினும் வெயிலும் முதலில் அதைத்தான் தின்கின்றன. பிறகு செதில் தூக்கிக்கொள்ளும், உள்ளே இருக்கும் புரதம் கசியும். 2003இல் மும்பையில் மாரிகோ நிறுவன ஆய்வுக்கூடத்தில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவிப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். தேங்காய் எண்ணெய் விற்கிற கம்பெனியின் ஆய்வு என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் நானும் படித்தேன். ஆனாலும் காரணம் எனக்குச் சரியாகப் படுகிறது. அதில் அதிகமாக இருக்கும் லாரிக் அமிலம் சின்ன மூலக்கூறு, கிளையில்லாத நேர்ச்சங்கிலி. அதனால் முடிக்குள்ளேயே நுழைகிறது. மற்ற இரண்டும் மேலேயே நின்றுவிடுகின்றன. நம் நல்லெண்ணெயை அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை, அதனால் அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

தலை நிறைய எண்ணெயோடு குளத்தில் இறங்காதே. தண்ணீரில் படலம் கட்டும், பில்டரும் அடைத்துக்கொள்ளும், அந்தப் பையன்தான் பாவம் கஷ்டப்படுவான். முந்தின நாள் ராத்திரி ஒரு ஸ்பூன் எண்ணெயை முடியின் பாதியிலிருந்து நுனிவரை தடவிப் பின்னிவிடு. ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் மேலே நிற்கிற பிசுக்கைத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு, தண்ணீரில் அலசிக்கொண்டு நீச்சல் கேப்பைப் போடு. உள்ளே போனது உள்ளேயே இருக்கும். கேப் சிலிகோன் கேப்பாக இருந்தால் முடியை இழுக்காது. லேடக்ஸ் கேப் கழற்றும்போது பிய்க்கும். துணி கேப் சுகமாக இருக்கும், ஆனால் தண்ணீர் தாராளமாக உள்ளே வரும். எந்தக் கேப்பும் முழுசாகத் தடுக்காது. அதனால்தான் நனைத்துக்கொள்வதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஏறியவுடன் அங்கேயே ஷவரில் அலசிவிடு. வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு நிதானமாகக் குளிக்கலாம் என்று இருக்காதே, அதுவரை குளோரின் தலையில் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். ஈர முடிக்குப் பலம் குறைவு, இழுத்தால் நீண்டு அறுந்துவிடும். சிக்கெடுக்க அகலப் பல் சீப்புதான், அதுவும் நுனியிலிருந்து மேலே. ஈரத்தோடு கொண்டை போடாதே.

இப்போது ஏறியிருக்கும் பச்சைக்கு என்ன செய்வது? உலோகத்தைப் பிடித்து இழுக்கிற இ.டி.டி.ஏ. கலந்த ஷாம்பு கிடைக்கும், நீச்சல்காரர்களுக்கென்றே விற்கிறார்கள். பாட்டிலின் பின்பக்கம் மேல் வரிசையிலேயே அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. நுரைத்துச் சில நிமிடம் விட்டு அலசு. ஒரே நாளில் போகாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். நிறம் சேர்க்காத வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்து ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்துத் தலைக்கு ஊற்றிக்கொள்வதும் உதவும். தங்கிப்போன குளோரினை அது உடனே முறித்துவிடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள். எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டு மொட்டைமாடியில் காயலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னாராமே, அதை மட்டும் செய்யாதே. புளிப்பும் வெயிலும் சேர்ந்தால் முடி வைக்கோலாகிவிடும். டையும் வேண்டாம். வெயிலும் குளோரினும் சேர்ந்து அதைச் சீக்கிரமே வெளுக்கவைக்கும், நீ அடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

உன் பேத்தி கோடை வகுப்பில் நீச்சல் கற்றுக்கொள்கிறாள், அவளுடைய முடி செம்பட்டையாகிவிட்டது என்று உன் மகள் பயப்படுகிறாளாம். பயப்பட ஒன்றும் இல்லை. கறுப்புக்குக் காரணமான மெலனினை வெயிலும் குளோரினும் சேர்ந்து வெளுத்திருக்கின்றன. வெளுத்த முடி திரும்பக் கறுக்காது, ஆனால் வேரிலிருந்து வருவது கறுப்பாகத்தான் வரும். நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, நான் மேலே சொன்னதையே அவளுக்கும் செய்யச் சொல். குழந்தைக்குச் சாயம், கெரட்டின் சிகிச்சை என்று அழைத்துக்கொண்டு போய்விடப் போகிறாள். அதைத் தடுப்பது உன் பொறுப்பு.

வெயில் விஷயத்தில் பேத்தியைவிட உனக்குத்தான் கவனம் வேண்டும். மெலனின் நிறம் மட்டும் இல்லை, புற ஊதாக் கதிரைத் தன்மேல் வாங்கிக்கொண்டு புரதத்தைக் காப்பதும் அதுதான். நமக்கு அது போய்விட்டது. வெள்ளை முடி வெயிலில் மஞ்சளடிப்பதும் சட்டென்று உடைவதும் அதனால்தான். இந்த ஊரில் உப்பளத்துக்குப் போகிற பெண்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு தெளிவு வந்திருக்கிறது. விடியுமுன்னே வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள். நெற்றிவரை துணியைச் சுற்றிக் கட்டி, சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். மேலேயிருந்து வெயில், கீழே உப்பின் வெண்மையில் பட்டுத் திரும்புகிற வெயில், இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு இன்னும் நிழலும் நல்ல தண்ணீரும் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் மனசு அடித்துக்கொள்கிறது. தலைக்கு எத்தனையோ ஸ்பிரே விற்கிறார்கள். நெருக்கமாக நெய்த ஒரு பருத்தித் துணிக்கு அவை ஈடாகா. உன் குளத்துக்குக் கூரை இல்லையென்றால் காலை எட்டு மணிக்குள் நடந்து முடித்துவிடு, இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்தபின் போ. வகிடு அகலமாகிவிட்டது என்றாயே, அந்த இடத்துத் தோலில் கொஞ்சம் சன்ஸ்கிரீன் தடவிக்கொள்.

மே மாதம் திருச்செந்தூர் வருவதாக எழுதியிருக்கிறாய். கத்திரி வெயில் நேரம், ஆனாலும் வா. கடலில் குளிக்காமல் உன்னை அனுப்பமாட்டேன். கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. முடியில் தண்ணீர் காய்ந்ததும் அந்த உப்பு படிகமாகி, முடியும் முடியும் உரசும்போது செதிலைக் கீறும். கடலில் இருக்கிற நேரத்தைவிட, உப்புத் தலையோடு ஜன்னல் ஓரம் காற்று வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வருகிற நேரம்தான் அதிகம் கெடுக்கிறது. கடலாடியதும் நாழிக்கிணற்றில் குளிக்கிற வழக்கத்தை யார் ஏற்படுத்தினார்களோ, நான் ஒவ்வொரு முறையும் மனதில் கும்பிட்டுக்கொள்வேன். அலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் அப்படி உப்பில்லாத தண்ணீர்! அங்கே கூட்டம் அதிகமாக இருக்கும், ஆனாலும் அவசரப்படாமல் தலையை நன்றாக அலசிக்கொள்ளலாம். முந்தின ராத்திரி என் வீட்டில் தங்கு, எண்ணெய் தடவி இறுக்கமாக ஒற்றைச் சடை பின்னிவிடுகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவன் கோயம்புத்தூரிலிருந்து மாற்றல் கேட்டிருக்கிறான், இன்னும் பதில் வரவில்லை. தெருவில் இரண்டு பிள்ளைகள் பிளஸ் டூ வேதியியலில் சந்தேகம் கேட்க வருகிறார்கள். பாடம் சொல்லிக்கொடுக்கும்போது எனக்கே தெம்பு வருகிறது. அவர்களுக்கு உன் படத்தைக் காட்டாமல், பெயரும் சொல்லாமல், செம்பு பச்சையாவதைப் பற்றிக் கேட்டேன். ஒருத்தி சட்டென்று கோயில் கலசத்தில் பிடிக்கிற பச்சையைச் சொன்னாள். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் கோடை விடுமுறை டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், இப்போதே போட்டுவிடு. கீழ் பெர்த் கேட்டு வாங்கு, முழங்காலை நினைத்துக்கொள். மருந்து டிரம்மின் படத்தை மறக்காமல் அனுப்பு.

அன்புடன்,
மல்லிகா