கைப்பிரதி கொடுப்பவரும் தடுப்பவரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் பக்கத்துக் கிராமங்களில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கப் போனவர்களுக்கும் ஊராருக்கும் வாய்த்தகராறு என்று அவ்வப்போது பேச்சு வருகிறது. இரு தரப்பும் சட்டம் பேசுகிறார்கள். ஆளுக்குப் பாதிதான் பேசுகிறார்கள்.

அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு, மதத்தைப் பின்பற்றுவதோடு பரப்பவும் உரிமை தருகிறது; பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டு. 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது மறுபாதி: கொள்கையை எடுத்துச் சொல்லலாம், இன்னொருவரை மதம் மாற்றுவது உரிமை ஆகாது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-லேயே திரும்பப் பெறப்பட்டது. அதை இன்னும் சொல்லி மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதே சமயம் காட்பாடியில் ரயில் ஏறித் திருப்பதி போகிற ஊழியர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஆந்திரத்தில் 2007-ல் வந்த சட்டப்படி திருமலையில் பிற மதப் பிரசாரத்துக்குத் தடை உண்டு. பையில் மிச்சமிருக்கும் பிரதிகளை அங்கே எடுக்கவே வேண்டாம்.

சந்தேகம் இந்த மண்ணில் பழையது. 1806 ஜூலை 10-ல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்ததற்கு, நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த தலைப்பாகை போடு என்ற உத்தரவும், அடுத்து நம்மைக் கிறிஸ்தவராக்கிவிடுவார்கள் என்ற பயமும் காரணம். உத்தரவு போட்டது படைத் தலைமை. அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் குடும்பத்தார் ஆர்க்காடு மிஷனைத் தொடங்கியதே ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து. ஆனாலும் அதிகாரமும் மதமும் கைகோத்து வருகின்றன என்ற எண்ணம் போகவில்லை. ஜீப்பில் பத்துப் பேர் வந்து இறங்கினால் அந்த எண்ணம்தான் கிளறப்படும்.

ஆகவே இரண்டு பேர் போதும், பெண்கள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு பெண் ஊழியரோடு. முதலில் ஊர்த் தலைவரையோ டீக்கடையில் இருக்கும் பெரியவர்களையோ பார்த்து, யார், எந்தச் சபை, எதற்கு வந்தோம் என்று சொல்லிவிட வேண்டும். இப்படி நடந்து பிரதி கொடுக்க முன் அனுமதி தேவையில்லை. தெருக்கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் துறையின் எழுத்து அனுமதி வேண்டும். கூம்பு ஒலிபெருக்கி கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் எந்த ஒலிபெருக்கியும் கூடாது. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாக் கூட்டத்தில் போய் நின்று பிரதி நீட்டுவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். பள்ளி வாசலில் பெற்றோர் அறியாமல் பிள்ளைகள் கையில் கொடுப்பதும் அப்படியே.

பிரதியில் கிறிஸ்துவைப் பற்றி இருந்தால் போதும். பிறர் வணங்கும் தெய்வத்தைப் பிசாசு என்று ஒரு வரி அச்சடித்தாலே மத உணர்வைப் புண்படுத்தியதாக, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-வது பிரிவில் புகார் கொடுக்க ஆள் வருவார். அச்சகத்தின் பெயர், சபையின் முகவரி, எடுக்கிற ஆள் இருக்கும் தொலைபேசி எண், இவை இல்லாத பிரதியைக் காவலர் கையில் எடுத்ததும் சந்தேகப்படுவார். வேண்டாம் என்றவர் வாசலில் செருகிவிட்டு வராதீர்கள். அது சாக்கடையில் கிடக்கும், படம் எடுக்கப்படும்.

படம் என்றதும் இன்னொன்று. பல இடங்களில் தகராறு அன்று வருவதில்லை, ஒரு வாரம் கழித்து வருகிறது. ‘இருளில் கிடக்கும் கிராமம்’ என்று தலைப்பிட்டு யாரோ முகநூலில் போட்ட வீடியோ அந்த ஊர்ப் பையன்களின் வாட்ஸ்அப் குழுவுக்கே சுற்றி வந்துவிடும். காணிக்கை திரட்ட எடுக்கும் இந்த வீடியோக்களைச் சபைகளே நிறுத்த வேண்டும்.

மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். ஒலிபெருக்கிப் பேச்சே கிடையாது. அதைவிட முக்கியம், வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் கடன் வாங்கிச் சிகிச்சைக்கு வந்து வேலூர் லாட்ஜில் தங்கியிருப்பவரிடம் ‘ஜெபித்தால் புற்றுநோய் போய்விடும், மாத்திரையை நிறுத்து’ என்பது. இது சுவிசேஷம் அல்ல, அயோக்கியத்தனம். ஜெபிக்கட்டுமா என்று கேட்டு, சரி என்றால் ஜெபித்துவிட்டு நகரலாம்.

ஞானஸ்நானத்துக்கு முன்னால் சொல்ல வேண்டியதைப் பலர் சொல்வதே இல்லை. 1950-ம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணையும் அதன் திருத்தங்களும் இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கின்றன. கிறிஸ்தவரானவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போவார். பட்டியல் சாதி இடஒதுக்கீடும் தாட்கோ (ஆதிதிராவிடர் வீட்டுவசதி, மேம்பாட்டுக் கழகம்) கடனும் போகும். இந்தச் சட்டம் அநியாயம் என்பது எங்கள் கருத்து. ஆனால் சர்ச்சுக்குப் போய்க்கொண்டே வேலைக்காக இந்துப் பட்டியல் சாதியினர் என்று சான்றிதழ் கேட்ட புதுச்சேரிக்காரரின் வழக்கை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்துவிட்டது. மகளின் கல்லூரி இடம் போன பிறகு தெரிந்துகொள்ளும் தகப்பன் ஊழியரைத்தான் வந்து பிடிப்பார்.

மறித்தால் ஒருவர் மட்டும் பேசுங்கள். பெயரையும் சபையையும் மறைக்காதீர்கள். போகச் சொன்னால் போய்விடுங்கள். கை வைத்தால் 112. காயம் சிறியதானாலும் அன்றே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். நாள் கடந்தால் அந்தக் காயம் வழக்கில் நிற்பது கடினம். புகாருக்குச் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான காவல் நிலைய ஒப்புகை) வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வர வேண்டாம். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால், அதன் பிறகு மாஜிஸ்திரேட். தனி வீட்டு ஜெபத்துக்குள் புகுந்து கலைப்பதும் அதே சன்ஹிதாவின் 300-வது பிரிவின் கீழ் குற்றமாகலாம். ஆனால் வீட்டையே வழிபாட்டுத் தலமாக்க ஆட்சியர் அனுமதி வேண்டும், அதை மறைத்துவிட்டு நீதி கேட்க முடியாது.

காவல் துறையிடம் ஒரு கோரிக்கை. கூட்டத்துக்கு மனு கொடுத்தால் ‘இப்ப வேணாம் பாஸ்டர், அப்புறம் பார்க்கலாம்’ என்று வாயால் சொல்லி அனுப்புகிறார்கள். மறுப்பதானால் மறுக்கட்டும், காரணத்தை எழுதி, தேதியும் முத்திரையும் வைத்து, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாலாவது கொடுக்கட்டும். உயர் நீதிமன்றத்துக்குப் போக அந்தத் தாள் வேண்டும்.

இப்படிக்கு,
சபை ஊழியர்கள் சிலர்,
காட்பாடி