பங்குனி ஆமைப் பொரிப்பகத்துக்கு நன்கொடை வேண்டுகோள்: தை பிறப்பதற்குள் இன்னும் 2,68,500 ரூபாய் தேவை

ஊர்ப் பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், கடல்கடந்து உழைக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஆமைப் பொரிப்பகக் குழுவின் பணிவான வணக்கம்.

கார்த்திகை முடியப் போகிறது. மார்கழிக் கடைசியில் முதல் ஆமை கரையேறிவிடும். ஆமை முட்டைகளை எடுத்துவந்து குஞ்சு பொரியும்வரை காக்கும் பொரிப்பகத்துக்கு இன்னும் ஒரு கம்புகூட ஊன்றவில்லை. ஐப்பசி மழையில் கடல் மணலை அரித்துக்கொண்டு போனதில் பழைய பொரிப்பகம் இருந்த மேடே காணாமல் போய்விட்டது. வேலிக் கம்பியில் பாதியைத்தான் மீட்க முடிந்தது. சவுக்குத் தோப்பின் தெற்கு ஓரத்தில் புதிய இடத்தை வனத்துறை அலுவலர்கள் நேரில் வந்து பார்த்து அனுமதி கொடுத்துவிட்டார்கள். இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறது. பணம்தான் குறைகிறது. மொத்தச் செலவு 6,40,000 ரூபாய். இதுவரை சேர்ந்தது 3,71,500 ரூபாய். மீதி 2,68,500 ரூபாய் மார்கழி 25ஆம் தேதிக்குள் வந்து சேராவிட்டால், முதல் கூடுகளை நாய்க்கும் நரிக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதாகிவிடும். ஆகவேதான் இந்த வேண்டுகோள்.

ஆமை நம் கரைக்குப் புதிதாக வந்த விருந்தாளி அல்ல. அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டில் முட்டையிட்டு மறைத்துவிட்டுப் போகும் ஆமையைச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை, பங்குனி ஆமை (ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி) என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொன்னவர்கள் நம் பாட்டன்மார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர்கள் அதைப் படிக்கவில்லை. வலையில் ஆமை ஏறினால் அதன் ஓட்டில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, பெருமாளின் கூர்ம அவதாரம் என்று கும்பிட்டுக் கடலில் விடுவது நம் பெரியவர்களின் வழக்கம். ‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று மேட்டுக்காரர்கள் சொல்லிக்கொள்ளட்டும். கரைக்காரன் அப்படிச் சொல்லலாகாது. ஆமை ஏறுகிற கரை உயிரோடு இருக்கிற கரை.

இன்னொரு பெருமையையும் ஊர் அறிய வேண்டும். இந்தியாவின் கிழக்குக் கரைக்கு வரும் பங்குனி ஆமைகளின் மரபணுவை நம் நாட்டு விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2004ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். உலகத்தில் இன்றிருக்கும் பங்குனி ஆமை இனத்தின் மிகப் பழைய கிளை இங்கேதான் இருக்கிறது. பசிபிக்கிலும் அட்லாண்டிக்கிலும் உள்ளவை இந்தியப் பெருங்கடலிலிருந்து பரவியவையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்டது. மெக்சிகோவிலும் பிரேசிலிலும் கரையேறும் பங்குனி ஆமைகளுக்கு மூத்த குடி நம் கடலில் இருக்கிறது. அந்த மூத்த குடிக்கு நாம் செய்யும் கைங்கரியம் இது என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, இந்த ஆண்டு ஏன் செலவு கூடியது என்பதைச் சொல்லியாக வேண்டும். ‘போன வருடம் மூன்று லட்சத்தில் முடிந்ததே’ என்று சாவடியில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முட்டையிடும்போது முடிவாவதில்லை. மணலின் சூடு முடிவு செய்கிறது. அடைகாலம் ஏறக்குறைய 45 முதல் 55 நாள். அதன் நடுப்பகுதியில் மணல் 29 டிகிரியை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து பிறக்கும். அதற்குக் கீழே போனால் ஆண் கூடும். இரண்டு டிகிரி மேலே போனால் ஏறத்தாழ எல்லாமே பெண்தான். இன்னும் சூடேறினால் முட்டை உள்ளேயே வெந்துவிடும். சென்ற பங்குனியில் நம் பொரிப்பகத்தில் வெப்பமானியை ஒரு முழ ஆழத்தில் வைத்துப் பார்த்தோம். 34 டிகிரி காட்டியது. அந்த வரிசையில் இருந்த கூடுகளில் பாதி முட்டைகூடப் பொரியவில்லை. தோண்டிப் பார்த்தபோது ஓடு கட்டிய முழுக் குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே செத்துக் கிடந்தன. அன்று அங்கே நின்ற இளைஞர்கள் யாரும் அதை மறக்கவில்லை.

பெண் பெருகினால் முட்டையும் பெருகுமே, அதனால் என்ன கெடுதல் என்று தோன்றலாம். இந்தச் சந்தேகத்தை நம் சாவடிக் கூட்டத்துக்கு வந்த கடல் உயிரியல் பேராசிரியர் தெளிவாக விளக்கினார். ஆண் குறைந்தால் ஒருசில ஆண்களின் வாரிசுகளாகவே மொத்தக் கூட்டமும் ஆகிவிடும். தலைமுறை தலைமுறையாக நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே கூடல் நடக்கும். நோயைத் தாங்கும் குணம், சூட்டைத் தாங்கும் குணம், இரை மாறினால் சமாளிக்கும் குணம் என்று பல தந்தைகள் வழியாக வர வேண்டிய வகைவகையான சொத்து சுருங்கிப்போகும். கடல் சூடேறிக்கொண்டே போகிற இந்தக் காலத்தில்தான் அந்தச் சொத்து அதிகம் தேவைப்படும். எண்ணிக்கையில் லட்சம் இருந்தாலும் ரத்தத்தில் நாலு குடும்பம் என்றால், ஒரு கெட்ட பருவம் அத்தனையையும் துடைத்துவிடும்.

இது எங்கோ நடக்கும் கற்பனையும் அல்ல. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த இளம் பேராமைகளை 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் சோதித்தார்கள். நூற்றுக்கு 99 பெண். பெரிய ஆமைகளில் பெண் 87 சதவீதம், இளையவற்றில் 99. சில பத்தாண்டுகளில் அவ்வளவு மாற்றம்.

நம் கரைக்கு இதில் தனிக் கவலை ஒன்று உண்டு. ஒரு கூட்டில் இருக்கும் நூற்றுச் சொச்சம் முட்டைகளுக்குப் பல நேரம் ஒன்றுக்கு மேற்பட்ட தந்தைகள் இருப்பார்கள். கோஸ்டா ரிக்காவில் ஆயிரக்கணக்கில் கூட்டமாக ஏறும் கரையில் நூற்றில் 92 கூடுகள் அப்படி. அதே நாட்டில் ஒன்றிரண்டாகத் தனித்து ஏறும் கரையில் நூற்றில் 30 கூடுகள்தான். ஒடிசாவின் கஹிர்மாதாவிலும் ருஷிகுல்யாவிலும் லட்சக்கணக்கில் ஏறுகின்றன. நம் நாகப்பட்டினம் கரையில் அவை தனித்தனியாகத்தான் ஏறும். அப்படியானால் இங்கே ஒரு கூடு என்பது பெரும்பாலும் ஒரே தாய், ஒரே தந்தையின் பிள்ளைகள்; அது போனால் ஒரு குடும்பமே போனதுபோல. மாசிக் கூடு வேறு தாய், சித்திரைக் கூடு வேறு தாய். பருவத்தின் தொடக்கத்தில் வருவதைக் காப்பாற்றிவிட்டுக் கடைசியில் வருவதைச் சூட்டுக்கு விட்டால் சில தாய்களின் வழியே அற்றுப்போகும்.

‘ஒடிசாவில்தான் லட்சம் இருக்கிறதே, நம் ஊரின் நூறு கூடு எதற்கு’ என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான். கிழக்குக் கரை ஆமைகளுக்குள் மரபணுவில் பிரிவினை இல்லை என்று அந்த 2004ஆம் ஆண்டு ஆய்வே சொல்கிறது; கடலில் அவை கலந்து கூடுகின்றன. இங்கே பிறக்கும் ஓர் ஆண், ஒடிசாவுக்குப் போகிற பெண்ணோடு சேரலாம். கஜா போன்ற ஒரு புயல் ஒரே இரவில் ஒரு கரையை என்ன செய்யும் என்பதை 2018 நவம்பரில் நாமே பார்த்தவர்கள். ஒரே கரையை நம்பி ஓர் இனத்தை விட்டுவிடலாகாது.

ஆகவே இந்த முறை பந்தலை இரண்டாகப் பிரிக்கிறோம். ஒரு பாதி திறந்த மணல். மறு பாதிக்குத் தென்னங்கீற்றும் அதன்மேல் நிழல்வலையும். தை, மாசிக் கூடுகள் திறந்த பக்கம். வெயில் ஏறிய பிறகு வரும் கூடுகளை இரண்டு பக்கமும் பகிர்ந்து வைப்போம். எல்லாவற்றையும் நிழலுக்குள் தள்ளினால் ஆணாகவே பிறந்து வேறொரு கேடு வரும் என்பதால், கருவி வைத்துச் சூட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஒரு தாயின் முட்டையை இன்னொரு தாயின் குழியில் கலப்பதில்லை. ஒவ்வொரு குழிக்கும் தேதி, ஏறிய இடம், முட்டைக் கணக்கு எழுதிய பலகை உண்டு.

இரவுக் காவல் என்றால் என்ன என்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறோம். ஆமை முட்டையிட்டு முடித்ததும் குழியை மூடி, தன் உடம்பாலேயே இடமும் வலமும் மணலை மொத்தும். அந்தச் சத்தம் பத்தடிக்குக் கேட்கும். அது கடலுக்குத் திரும்பும்வரை பிள்ளைகள் விளக்கை அணைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். பிறகு கையால் மட்டும் தோண்டுவார்கள், மண்வெட்டி வைப்பதில்லை. கழுத்துச் சிறுத்து அடி அகன்ற குழி; முழங்கைக்கு மேல் உள்ளே போகும். முட்டையைப் புரட்டாமல், எடுத்த வாக்கிலேயே வாளி மணலில் வைத்து, சில மணி நேரத்துக்குள் பொரிப்பகக் குழியில் அதே ஆழத்தில் சேர்க்க வேண்டும். தாமதமாகி ஆட்டிவிட்டால் கரு செத்துவிடும். இரவு பதினொன்றுக்குப் போனால் விடியற்காலை ஐந்துக்குத்தான் வீடு. காலையில் அதே பிள்ளைகள் தொழிலுக்கும் போகிறார்கள்.

செலவுக் கணக்கு: பந்தல், சவுக்குக் கம்பு, கீற்று, நிழல்வலைக்கு 1,85,000 ரூபாய். கம்பிவலை வேலி 72,000. மணலில் புதைக்கும் வெப்பப் பதிவுக் கருவி ஒன்று 6,500 வீதம் 12 கருவிகளுக்கு 78,000. இரவுக் காவலுக்கு 8 பேர், மாதம் 6,000 வீதம் நான்கு மாதத்துக்கு 1,92,000. ஆமையை உயிரோடு விட வலையை அறுத்த நாட்டுப்படகுக்காரர்களுக்கு வலை ஈடு 75,000. டார்ச், பேட்டரி, வாளி, பதிவேடு, இதர செலவு 38,000. குழுவில் எவருக்கும் சம்பளம் இல்லை, படி இல்லை, டீச் செலவுகூட அவரவர் பையிலிருந்து. சென்ற பருவத்து வரவு செலவு சாவடிப் பலகையில் இன்றும் ஒட்டியிருக்கிறது. யாரும் வந்து பார்க்கலாம்.

வலை ஈடு எதற்கு என்று கேட்காதீர்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். ஆமைக்கு நுரையீரல் உண்டு; மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். இழுவலையில் நெடுநேரம் சிக்கினால் மூச்சடைத்துச் சாகும். முட்டையிட வரும் தாய் கடலிலேயே செத்தால் நாம் கட்டும் பந்தலுக்கு வேலை என்ன? விசைப்படகு உரிமையாளர்களைக் கைகூப்பிக் கேட்கிறோம்: ஆமைப் பருவத்தில் 5 கடல் மைலுக்குள் இழுவை வேண்டாம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சிக்கிய ஆமை வெளியேற வழிவிடும் ஆமை விலக்குக் கருவியை வலையில் பொருத்துங்கள். அது நூறு ரூபாய் நன்கொடையைவிடப் பெரிய நன்கொடை.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சிங்கப்பூரில் கப்பல் பட்டறைகளில் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து 1,20,000 ரூபாய் அனுப்பினார்கள். தலைக்கட்டு வரி ஆயிரம் வீதம் 146 வீடுகள் செலுத்திவிட்டன. நாட்டுப்படகுக்காரர்கள் மத்தி குறைந்த இந்தப் பருவத்திலும் 40,000 கொடுத்தார்கள். மகளிர் குழுக்கள் கருவாடு விற்ற பணத்தில் 30,000 கொடுத்தன. அந்தத் தாய்மார்கள் ரசீதைக்கூட ‘வேண்டாம் தம்பி’ என்று மறுத்தார்கள், வற்புறுத்தித்தான் கொடுத்தோம். பக்கத்து ஊர் ஜமாத்தார் 15,000, மாதா கோயில் பங்கு மக்கள் 15,000. ஆமை எந்தச் சாமிக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நம் பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் உடைத்துக் கொண்டுவந்தது 5,500 ரூபாய், பெரும்பாலும் சில்லறை. அதை எண்ண ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. எண்ணியவர்களில் இருவர் அன்றே தங்கள் பங்கை இரட்டிப்பாக்கினார்கள். அங்காளம்மன் இவர்கள் எல்லோருடைய குலத்தையும் காக்கட்டும்.

187 தலைக்கட்டில் 41 வீடுகள் இன்னும் வரி செலுத்தவில்லை. பெயரைப் பலகையில் எழுத வேண்டும் என்று கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். குழு அதை ஏற்கவில்லை, ஏற்கவும் விரும்பவில்லை. கஷ்டப்படும் வீடுகள் எவை என்று ஊருக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் காதுகுத்துக்குப் பத்து ஃபிளெக்ஸ் வைத்த வீடும் அந்த 41இல் இருக்கிறது என்பதை வருத்தத்தோடு சொல்கிறோம். சென்னையில் கடலோடு பிறக்காத கல்லூரி மாணவர்கள் 1988 முதல் ஒவ்வொரு பருவமும் இரவெல்லாம் கரையில் நடந்து ஆமை முட்டை காக்கிறார்கள். கடலம்மா சோறு போட்டு வளர்த்த நாம் ஆயிரம் ரூபாய்க்கு நாலு தவணை கேட்பது அழகா?

இன்று கடலில் விடும் பெண் குஞ்சு தாயாகித் திரும்பப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு ஆகும். இன்று மூன்றாம் வகுப்பில் இருப்பவர்கள் அன்று காவலுக்குப் போவார்கள். ஆயிரத்தில் ஒன்று பிழைக்கும் என்பார்கள். ஆகவே குறைத்துச் செய்ய இதில் வழியில்லை.

41 வீடுகளும் செலுத்தினால் 41,000 ரூபாய். மீதி 2,27,500 ரூபாய்க்கு வெளியூர் உறவுகளையும் அன்பர்களையும் நம்பியிருக்கிறோம். 6,500 ரூபாய் கொடுப்பவர் ஒரு வெப்பக் கருவியை ஏற்கலாம். 24,000 கொடுப்பவர் ஒரு காவலரின் பருவச் செலவை ஏற்கலாம். பணமாக இயலாதவர்கள் கீற்று, கம்பு, ஒரு நாள் உழைப்பு தரலாம்; மார்கழி முதல் ஞாயிறு காலை கம்பு ஊன்றுகிறோம். எவ்வளவு சிறிய தொகைக்கும் முத்திரையிட்ட ரசீது உண்டு. பொருளாளரிடம் நேரிலோ, ரசீதுப் புத்தகத்தின் அட்டையில் உள்ள வங்கிக் கணக்கிலோ செலுத்தலாம். பணம் அனுப்புவோர் பெயரையும் தெருவையும் குறிப்பிட மறக்க வேண்டாம். போன முறை பெயரில்லாமல் வந்த மூன்று தொகைக்கு இன்னும் ரசீது கொடுக்க முடியவில்லை. மார்கழி 25 அன்று மாலை சாவடியில் கணக்கு வாசிக்கப்படும். அனைவரும் வர வேண்டும்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்,
ஆமைப் பொரிப்பகக் குழு