சதகுப்பையைக் கீரையாக நினை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் சொன்ன பதில் போதாது என்று மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

அங்கே ஸ்டாக்ஹோமில் கடையில் தொட்டியோடு வாங்கி வருகிற சதகுப்பைச் செடி (டில் என்கிறார்களே, அதுதான்) ஒரே வாரத்தில் மஞ்சளடித்துச் சாய்ந்துவிடுகிறது என்றாய். நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளங்கை அகலத் தொட்டிக்குள் அத்தனை நாற்றும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. வேர் ஓட இடமே இல்லை. அதைப் பிழைக்க வைக்கப் பார்க்காதே அம்மா. வாங்கி வந்த அன்றைக்கோ மறுநாளோ மொத்தத்தையும் அறுத்துச் சமைத்துவிடு. பெரிய தொட்டிக்கு மாற்றி நடலாமா என்றும் கேட்டாய். வேண்டாம். சதகுப்பை காரட்டு, கொத்தமல்லி, சீரகம், சோம்பு எல்லாம் சேர்ந்த குடும்பம். ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும். பிடுங்கி நட்டால் அந்த வேர் அடிபடும். பிழைத்தாலும் இலை விடாமல் சீக்கிரமே பூவுக்குப் போய்விடும். எங்கே நிற்கப்போகிறதோ அங்கேயே விதையைத் தூவ வேண்டும். இதில் மட்டும் சலுகை கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு இலையைக் கிள்ளிச் சூப்பின் மேல் தூவினேன் என்றாயே, அதைக் கேட்டதும் எனக்கு மனசு ஆறவில்லை. சதகுப்பையைக் கீரையாக நினை. கொத்தமல்லித் தழை மாதிரி கடைசியில் தூவுகிற சமாசாரமாக மட்டும் நினைக்காதே. கீரை என்று நினைத்துவிட்டால் எப்படி விதைப்பது, எப்போது அறுப்பது, எவ்வளவு சமைப்பது எல்லாம் தானாகவே விளங்கும். கீரைக்கு ஒரு செடியைப் பேணி வளர்ப்பதில்லை. பாத்தியில் தூவுகிறோம், இளசாக அறுக்கிறோம், மறுபடி தூவுகிறோம். இதுவும் அப்படித்தான்.

நம் ஊரில் இதைக் கீரையாகச் சாப்பிடுகிற வழக்கம் இல்லை. அரைக்கீரை, தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி விற்கிற கீரைக்காரம்மாவிடம் கேட்டால் முழிப்பார். சதகுப்பை என்றால் இந்தப் பக்கத்தில் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் விதைதான், பிள்ளை பெற்றவளுக்குக் கிளறும் லேகியத்துக்குப் போடுவது. ஓசூர்ப் பக்கம் போனால் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். கர்நாடகத்தில் சப்சிகே சொப்பு என்று வீட்டுக்கு வீடு சமைக்கிறார்கள். நான் முதன்முதலில் சாப்பிட்டது தஞ்சாவூரில், என்னோடு வேலை பார்த்த ஒரு மராட்டிக்காரர் வீட்டில். 1855 வரை தஞ்சாவூரில் மராட்டிய ராஜாக்கள் இருந்தார்கள் அல்லவா, அந்த வழியில் வந்து தங்கிவிட்ட குடும்பம். பாசிப்பருப்பும் பூண்டும் போட்டு வதக்கியிருந்தார்கள். தட்டை முகர்ந்ததுமே இந்த வாசனை எங்கேயோ தெரிந்தது மாதிரி இருந்தது. நீ சின்னக் குழந்தையாக இருந்தபோது உன் வாயிலிருந்து வந்த வாசனை! கிரைப் வாட்டர். இங்கிலாந்தில் 1851-இல் வில்லியம் வுட்வர்டு என்ற மருந்துக்காரர் செய்தது. சதகுப்பை எண்ணெய்தான் அதில் முக்கியமான வாசனை. அன்றையிலிருந்து எனக்கு இந்தக் கீரை மேல் தனிப் பிரியம்.

சரி, வளர்க்கிற விஷயத்துக்கு வருகிறேன். நம் வயல் மண் களி. மழையில் குழையும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் சதகுப்பை வராது. குடமுருட்டி ஆற்றுப் படுகையில் இருக்கிற நம் கொல்லை மண் பொலபொலவென்று இருக்கும், தண்ணீர் நிற்காது. அங்கேயும் மேட்டுப்பாத்தி போட்டு, மக்கிய சாணியைக் கலந்துதான் விதைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தூவினால் விதை அழுகிவிடும். மழை விட்டு மார்கழிப் பனி இறங்கும்போது முதல் விதைப்பு. சம்பா அறுப்புக்கு முன்னால் வயலில் உளுந்து தெளிக்கிற சமயத்தில் இரண்டாவது. மாசி பாதியில் வெயில் ஏறிவிட்டால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் தண்டு நீண்டு பூத்துவிடும். காவிரிக்கரையில் அதற்கு வாழ்வு பனிக்காலம் மட்டும்தான். அதை மீறி வைகாசியில் முளைக்கவைக்க நினைப்பதெல்லாம் வீண் வேலை.

விதை தட்டையாக, லேசாக இருக்கும். கையில் எடுத்தால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். அதனால் காய்ந்த மணலில் கலந்து தூவ வேண்டும். மேலே மண் மெல்லிசாக, அரை விரற்கடைக்கு மேல் வேண்டாம். பூவாளியால் தண்ணீர் தெளி. குழாயைத் திறந்துவிட்டால் விதை ஒரு மூலைக்கு ஓடிவிடும். எறும்பு இழுத்துக்கொண்டு போகாமல் இருக்கப் பாத்தியைச் சுற்றி நொய் தூவுவேன். அது நொய்யை இழுத்துக்கொண்டு போகும். உனக்கு அங்கே அந்தத் தொல்லை இருக்காது.

ஒன்றரை வாரத்தில் முளைக்கும். முளைத்ததும் பார்த்து ஏமாந்துவிடாதே. முதலில் வருகிற இரண்டு இலையும் நீளமாக, ஒடுக்கமாக, அச்சு அசல் புல் மாதிரியே இருக்கும். களை என்று நினைத்துப் பிடுங்கிவிடுபவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் ஒன்றைக் கிள்ளி விரலில் நசுக்கிப் பார், வாசனை சொல்லிவிடும். மூன்றாவது இலைதான் நூல் நூலாகப் பிரிந்து வரும். காலையில் பனி இறங்கியிருக்கும்போது குனிந்து பார்த்தால் அந்த நூல் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டு நிற்கும். இலையின் நிறமும் வெறும் பச்சை இல்லை. மேலே லேசாக நீலம் பூத்த பச்சை, தொட்டால் விரல் பட்ட இடம் மட்டும் பளிச்சென்று ஆகும்.

ஒரு சாண் உயரம் வந்ததும் அறுக்க ஆரம்பிக்கலாம். விதைத்து நாலு முதல் ஆறு வாரம் ஆகியிருக்கும். நெருக்கமாக நிற்பதை வேரோடு பிடுங்கிச் சமைத்துவிடு, மிச்சத்துக்கு இடம் கிடைக்கும். முற்றட்டும் என்று காத்திருக்காதே, அப்புறம் தண்டு நாராகிவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஒரு பிடி விதை தூவிக்கொண்டே இரு. ஒரே நாளில் பையிலுள்ள விதை முழுவதையும் கொட்டினால் ஒரே வாரத்தில் எல்லாம் பூத்து நிற்கும்.

ஸ்டாக்ஹோமில் நீ கவனிக்க வேண்டியது வேறு. இங்கே பூக்க வைப்பது வெயில் சூடு. உன் ஊரில் சூடு இல்லை, ஆனால் பகல் நீளம். சதகுப்பை நீண்ட பகலைப் பார்த்தால் பூக்கிற செடி. நமக்கு ஆனி மாதத்தில்கூடப் பகல் பதின்மூன்று மணி நேரத்தைத் தொடாது. உங்களுக்கு ஜூன் மாதத்தில் பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தாலும் நடுக்கோடையில் அது பூவுக்கு ஓடத்தான் பார்க்கும். அதனால் உறைபனி போய் மண் இளகியதும் முதல் விதைப்பைப் போட்டுவிடு, கொஞ்சம் குளிரைத் தாங்கும். கடைசி விதைப்பை ஆகஸ்டில் போடு, பகல் குறையக் குறைய இலை நன்றாக நிற்கும். நடுவில் பூத்ததைப் பிடுங்கி எறியாதே. உங்கள் ஊர்க்காரர்கள் ஆகஸ்டில் நண்டு மாதிரி இருக்கிற ஆற்று இறாலை அந்தப் பூங்கொத்தோடுதான் உப்புத் தண்ணீரில் வேகவைத்து, அதிலேயே ஆறவிட்டுச் சாப்பிடுகிறார்கள் என்று நீதானே சொன்னாய். நமக்கு இறால் வேண்டாம். பச்சையாக இருக்கும் விதையைக் கொஞ்சம் மிளகோடு நசுக்கி ரசத்தில் போட்டுப் பார்.

பூவைச் சுற்றிச் சின்னச் சின்னக் குளவியும் பொறிவண்டும் வரும். இங்கே மாசியில் தண்டில் அசுவினிப் பூச்சி ஏறும்போது ஒரு வரிசையை வேண்டுமென்றே பூக்க விட்டுவிடுவேன். பொறிவண்டு வந்து அசுவினியைத் தின்னும். நாம் அப்படியே தின்கிற இலையில் மருந்து அடிக்கவே கூடாது. கொஞ்சமாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே உதிர்ந்துவிடும்.

இனி சமையல். கூட்டிலிருந்து ஆரம்பி. அரை டம்ளர் பாசிப்பருப்பை மலர வேகவை, குழையக் கூடாது. கீரையில் தடித்த தண்டை ஒடித்துப் போட்டுவிட்டு, இலையையும் இளந்தண்டையும் பொடியாக அரிந்தால் இரண்டு கை நிறைய இருக்க வேண்டும். கூசாமல் போடு. வாணலியில் கடலெண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய். ஏழெட்டுப் பல் பூண்டைத் தட்டிப் போட்டு, ஓரம் சிவந்ததும் சின்ன வெங்காயம். அதற்கு மேல் கீரை. முதலில் வாசனை மூக்கில் ஏறும், பயப்படாதே. இரண்டு மூன்று நிமிடம் கிளறினால் அந்தக் காரமான பச்சை வாடை அடங்கி, ஒரு இனிப்பு வாசனை வரும். அந்த இடத்தில் பருப்பையும் மஞ்சள்தூள், உப்பையும் போட்டு ஒரு கொதி விட்டு இறக்கிவிடு. மூடி போடாதே, நிறம் செத்துவிடும். சோம்பும் போடாதே, ஒரே குடும்பத்து வாசனை இரண்டு சேர்ந்தால் எதுவும் தெரியாமல் போகும். பூண்டுதான் இதற்குச் சரியான ஜோடி. தேங்காய் இருந்தால் ஒரு பிடி துருவிப் போடு, இல்லாவிட்டால் குறையில்லை.

கடலைப்பருப்பு வடையிலும் இப்படியே, பருப்பு ஒரு பங்கு என்றால் கீரை அரைப் பங்காவது இருக்க வேண்டும். அடை மாவிலும் போடலாம். வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடிக்கு மட்டும் இளந்தழையைப் பச்சையாகப் போடு.

உன்னோடு வேலை பார்க்கிற ஈரான் பெண் அவரை மாதிரிப் பச்சைக் கொட்டையும் சதகுப்பையும் போட்ட சோறு கொண்டுவந்தாள் என்றாயே, அதை நான் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கர்நாடகத்தில் அவரைக்கொட்டையோடு இதே கீரையைத்தான் சேர்க்கிறார்கள். நமக்குப் பொங்கலுக்கு வருகிற பச்சை மொச்சை இருக்கிறதே! மொச்சை வருகிற தையில்தான் கொல்லையில் சதகுப்பையும் இளசாக நிற்கிறது. இந்த வருஷம் கனுவுக்கு மறுநாள் பொன்னி அரிசியை உதிரியாக வடித்து, வெந்த மொச்சையையும் நெய்யில் வதக்கிய கீரையையும் போட்டுக் கிளறினேன். உன் அம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஹனோயில் மஞ்சள் தடவிய மீனை இந்தக் கீரையும் வெங்காயத்தாளும் கொட்டி வறுத்துச் சாப்பிடுவார்கள், அதற்குச் சா கா என்று பெயர். அதுவும் நம் ஊர் மாதிரி ஆற்றுப்படுகையில் நெல் விளைகிற பூமிதான். நம் விரால் மீனுக்கும் அது பொருந்தும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றுகிறது. நீ அடுத்த தையில் வரும்போது செய்கிறேன்.

மிஞ்சியதைக் காயவைக்காதே. காய்ந்தால் நிறம் இருக்கும், வாசனை போய்விடும். பொடியாக அரிந்து ஃபிரீசரில் வைத்துக்கொள். குளிர்காலம் முழுக்கக் கூட்டுக்கு ஆகும்.

விதையை அங்கேயே வாங்கிக்கொள். இங்கிருந்து தபாலில் விதை அனுப்பச் சான்றிதழ் எல்லாம் வேண்டும் என்கிறார்கள், அந்த வம்பு வேண்டாம். வாங்கும்போது போன வருஷத்து விதையாகவாவது இருக்கட்டும், ரொம்பப் பழசு சரியாக முளைக்காது. பால்கனிப் பெட்டி ஒரு அடி ஆழம் இருந்தால் நல்லது, அடியில் ஓட்டை இருக்க வேண்டும். உன் பால்கனி எந்தத் திசையைப் பார்க்கிறது, காலையில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது என்று எழுது. அதைப் பார்த்துவிட்டு எந்த ஓரத்தில் வைப்பது என்று சொல்கிறேன். புது உளுந்து வந்திருக்கிறது. அப்பளம் போட்டு வைக்கவா, உனக்கு யாராவது எடுத்துவருவார்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள். அதற்கும் சேர்த்துப் பதில் போடு.

அன்புடன்,
அப்பா