கம்போடியா பயணம்: மூன்றாம் நாளில் மாற்றம்

நண்பர்களே, வணக்கம்.

அங்கோர் வாட் டூரில் மூன்றாம் நாள் காலை 'அனாதை இல்லம் பார்த்தல்' என்று ஏஜென்ட் சேர்த்திருக்கிறார். எடுத்துவிடலாம் என்கிறேன். அங்கே இல்லங்களில் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாக, யுனிசெஃப் துணையோடு அந்நாட்டு அரசு செய்த 2011 ஆய்வு சொல்கிறது. பலரை வறுமைதான் அங்கே கொண்டுவந்து விட்டது. சுற்றுலா பஸ் நின்றதும் பிள்ளைகள் ஆடிக் காட்டுவார்கள், உண்டியல் நிறையும். நாம் போய் அதை வளர்க்க வேண்டாமே.

1. சாக்லேட், பழைய துணி மூட்டை கட்ட வேண்டாம்.
2. சேர்ந்த பணத்தைப் பிள்ளைகள் பெற்றோரோடு வளர உதவும் அமைப்புக்குத் தரலாம். தெரிந்தால் பெயர் சொல்லுங்கள்.
3. ஞாயிறு இரவு 8 மணிக்குள் 'எடுத்துவிடலாம்' அல்லது 'இருக்கட்டும்' என்று எழுதுங்கள். திங்கள் காலை ஏஜென்ட்டிடம் பேச வேண்டும்.

கட்டைவிரல் மட்டும் போடாதீர்கள், எதற்கு என்று புரியாது.